விபத்தும் ஏதுவும்: நிகழ்தகவு வலைப்பின்னல் வழி ஆலை விபத்துகளை நோக்குதல்

ஆலையொன்றில் வெடிப்பு நேர்ந்து உயிர்கள் மாயும்போது மறுநாள் நாளிதழ்களில் இடம்பெறும் சொற்கள் பெரும்பாலும் மூன்றே. ‘விபத்து’ என்பது ஒன்று. ‘கவனக்குறைவு’ என்பது மற்றொன்று. பட்டாசு ஆலையாயின் ‘உராய்வு’ என்பது மூன்றாவது. சொல்லாராய்ச்சியில் ஈடுபடுவார்க்கு இம்மூன்றும் சிந்தனைக்குரியன. விபத்து என்னும் வடசொல் கேடு, இடர் என்னும் பொருளது. அக்கேட்டைச் செய்தவர் யார் என்னும் வினாவே அதனுள் இல்லை. கவனக்குறைவு என்னும் சொல்லில் செய்தவர் ஒருவர் இருக்கிறார். ஆயின் அவர் எப்போதும் இயந்திரத்தருகே கடைசியாக நின்றவராகவே இருக்கிறார். உராய்வோ இயற்கை நிகழ்ச்சி. அதனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இயலாது.

இச்சொற்களால் மறைக்கப்படுவனவற்றை வெளிக்கொணர வல்ல கருவியொன்று கணிதத் துறையில் உருவாகியுள்ளது. நிகழ்தகவு வலைப்பின்னல் என்று அதனைத் தமிழில் வழங்கலாம். பேய்ஸ் வலைப்பின்னல் என்பது துறையறிந்தோர் வழக்கு. (பெயரைக் கேட்டவுடன் மாணவர் நகைப்பர், பேய்ஸ் என்பார் 1761இல் மறைந்த ஆங்கிலேயச் சமயகுரு. அவருடைய கட்டுரையை அவர் மறைந்தபின் 1763இல் வெளிவரச் செய்தவர் அவர்தம் நண்பர் ரிச்சர்ட் பிரைஸ்.) தமிழ்த் துறை மலரில் கணிதக் கருவிக்கு என்ன இடம் என்று வினவுவாரும் உளர். ஏதுவை நாடுதல் தமிழுக்குப் புதிதன்று என்பது முதல் விடை. நம் மாணவர் பலருடைய தந்தையரும் தமையன்மாரும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும், சிமெண்டு ஆலைகளிலும், அனல்மின் நிலையங்களிலும், பட்டாசுக் கொட்டகைகளிலும் உழைப்போர் என்பது இரண்டாவது விடை. இரண்டாவதே வலியது.

மணிமேகலை கூறும் மூவகைக் கருதல்

மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில், வஞ்சி மாநகரில் பல்வேறு சமயக்கணக்கர் தத்தம் கொள்கைகளை எடுத்துரைக்கின்றனர். அவருள் அளவைவாதி, அறிவைப் பெறும் வழிகளை வகுத்துக் கூறுமிடத்துக் கருதல் என்னும் அளவையைப் பொது, எச்சம், முதல் என மூன்றாகப் பிரிக்கிறான். இவற்றுள் பின்னிரண்டும் ஈண்டு நோக்கத்தக்கன. ஆற்றில் வெள்ளம் வரக் கண்டு, மேற்கே மழை பெய்திருத்தல் வேண்டும் என உணர்தல் எச்சம். வானில் கருமுகில் திரளக் கண்டு, மழை பெய்யும் என உணர்தல் முதல். முன்னது விளைவிலிருந்து காரணத்திற்குப் பின்னோக்கிச் செல்வது. பின்னது காரணத்திலிருந்து விளைவுக்கு முன்னோக்கிச் செல்வது. 29ஆம் காதையில் அறவண அடிகள் ஏதுவின் இலக்கணத்தையும், ஏதுப் போலத் தோன்றி ஏதுவாகாத ஏதுப்போலிகளையும் விரிவாக உணர்த்துகிறார்.

அந்நூல் காட்டும் கருதலில் ஓர் எல்லை உண்டு. வெள்ளம் வந்தது, எனவே மழை பெய்தது என்று அஃது உறுதிபடக் கூறும். அணை திறக்கப்பட்டதாலும் வெள்ளம் வரலாமன்றோ? எத்துணை அளவிற்கு மழை, எத்துணை அளவிற்கு அணை என்று ஐயத்தை அளந்து கூறும் வழி பிற்காலத்தது. பேய்ஸ் தொடங்கி வைத்ததும், 1980களில் யூதேயா பெர்ல் என்னும் கணிப்பொறி அறிஞர் வலைப்பின்னல் வடிவில் வளர்த்தெடுத்ததும் அவ்வழியே. பெர்ல் 1988இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடிப்படையாயிற்று. கணிப்பொறியியலின் உயர்ந்த விருதாகிய டூரிங் விருது 2011ஆம் ஆண்டிற்கு அவருக்கு வழங்கப்பெற்றது. எச்சமும் முதலும் ஒரே வரைபடத்தில் இருதிசையும் இயங்கும்படி அமைத்தமையே அவர்தம் பணி எனலாம்.

முந்திரிக் கொட்டகையில் ஒரு வலை

கருவியின் இயல்பை நமக்கு அணித்தான எடுத்துக்காட்டொன்றால் விளக்குதல் நலம். ஆண்டிமடம் வட்டாரம் முந்திரிக்குப் பெயர்பெற்றது. முந்திரிக் கொட்டையின் ஓட்டினுள் ஊறியுள்ள எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளிக்கும். கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலையோ விளக்கெண்ணெயையோ பூசிக்கொள்வர். கையுறை தந்தாலும் பலர் அணிவதில்லை. கையுறை அணிந்தால் விரலின் நுண்ணுணர்வு குறையும், வேலை தாமதமாகும், பருப்பு உடையும். உடைந்த பருப்புக்கு விலை குறைவு. உடைத்துத் தரும் எடைக்கேற்பக் கூலி பெறுபவர் கையுறையைக் கழற்றி வைப்பதில் வியப்பொன்றுமில்லை.

இதனை வரைபடமாக்குவோம். ஒவ்வொரு நிலையையும் ஒரு வட்டமாக வரைந்து, அதற்குக் கணு எனப் பெயரிடுவோம். ‘எடைக்கூலி’ ஒரு கணு. அதிலிருந்து ‘கையுறை அணியாமை’ என்னும் கணுவுக்கு ஓர் அம்பு. அங்கிருந்து ‘கையில் புண்’ என்னும் கணுவுக்கு மற்றோர் அம்பு. கொட்டையை வறுக்கும் அடுப்பின் சூட்டாலும் புண் நேரலாம். எனவே ‘அடுப்புச் சூடு’ என்னும் கணுவிலிருந்தும் புண்ணுக்கு ஓர் அம்பு. அம்பு நுழையும் ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு பட்டியல் வேண்டும். கையுறை இருந்து அடுப்பருகே நில்லாதபோது நூற்றுக்கு எத்தனை பேருக்குப் புண், கையுறையின்றி அடுப்பருகே நின்றபோது எத்தனை பேருக்கு என்றவாறு அப்பட்டியல் அமையும். கணு, அம்பு, பட்டியல் ஆகிய மூன்றுமே வலைப்பின்னல்.

இவ்வலையின் இரு பண்புகளை மாணவர் நன்கு மனங்கொள்ளல் வேண்டும். பின்னர்ப் போபால் பற்றிப் பேசுமிடத்து இவையிரண்டும் பயன்படும். ஒரு பெண் கையுறை அணியவில்லை என்று நேரில் கண்டுவிட்டோம் என்க. அதன்பின் அவருக்கு எடைக்கூலியா நாட்கூலியா என்று அறிவதால், அவர் கையில் புண் நேரும் என்னும் நம் மதிப்பீடு மாறாது. கூலியின் விளைவு கையுறை வழியாகவே புண்ணைச் சேர்வதால், இடைக்கணு தெரிந்தவுடன் அவ்வழி அடைபட்டு விடுகிறது. இதனை வழியடைப்பு என்போம். இரண்டாவது பண்பு சற்றே நுட்பமானது. புண்ணைக் கண்டோம், எண்ணெயாலா அடுப்பாலா என்று ஐயுறுகிறோம். எண்ணெய்தான் என்பது உறுதிப்பட்டவுடன் அடுப்பின் மேலுள்ள ஐயம் தானே தணிகிறது. அடுப்பைப் பற்றிப் புதிய செய்தி எதுவும் வரவில்லை. ஆயினும் ஒரு காரணம் நிறுவப்பட்டமையால் மற்றது பின்வாங்கிற்று. இதனை விளக்கி விலக்கல் என்று கூறலாம். விபத்து விசாரணைகளில் உண்மை பிழைத்துப்போகும் இடம் பெரும்பாலும் இதுவே. ‘தொழிலாளி தவறு செய்தார்’ என்னும் ஒரு காரணம் கிடைத்ததும், மற்றக் காரணங்களின் மேலிருந்த ஐயம் அனைத்தும் உடனே தணிந்துவிடும். தணியத்தக்கது எது, தணியத்தகாதது எது என்பதை வலையே காட்டும்.

உராய்வுக்கு முன்னால்

2023 அக்டோபர் 9ஆம் நாள் அரியலூர் மாவட்டம் விரகாலூரில் பட்டாசு ஆலையொன்று வெடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீபாவளிக்கு ஒரு மாதமே இருந்த காலம் அது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிப்பில் மாண்டோர் தொகை நாற்பதை ஒட்டியது. முதல் வெடியோசை கேட்டு உதவ ஓடி வந்த அக்கம்பக்கத்தாரும் அடுத்த வெடிப்பில் சிக்கினர். விதிமீறலுக்காக உரிமம் நிறுத்தி வைக்கப்பட்ட நிலையிலும் அங்கு வேலை நடந்ததாக அந்நாளைய செய்திகள் தெரிவித்தன.

இத்தகைய வெடிப்புகள் அனைத்திற்கும் உராய்வு காரணமாகலாம். மருந்துக் கலவை உராய்ந்தால் தீப்பற்றும் என்பது அத்தொழிலில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். வலை வரைவோர் உராய்வுக் கணுவில் நில்லாமல், அதனுள் நுழையும் அம்புகளையும் அதற்குப் பின்வரும் அம்புகளையும் நாடுவர். உராய்வு ஏன் நேர்ந்தது? விரைவால். விரைவு ஏன்? எண்ணிக்கைக் கூலியாலும் பண்டிகைக்கால நெருக்கடியாலும். ஓர் அறையில் தீப்பற்றினால் அவ்வறையில் இருப்போர்தாமே மாள வேண்டும்? ஏன் பலர் மாண்டனர்? அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து, அறைக்கும் அறைக்கும் இத்துணை இடைவெளி என்று விதிகள் வகுத்துள்ள வரம்பு மீறப்பட்டமையால். வரம்பு ஏன் மீறப்பட்டது? உரிமம் பெற்றவர் ஒருவராகவும், அறைகளை உள்குத்தகைக்கு எடுத்து வேலை வாங்குவோர் வேறு சிலராகவும் இருக்கும் வழக்கத்தால். அதே பண்டிகை நெருக்கடியால்.

கடைசித் தொடரை மீண்டும் நோக்குக. விரைவுக்குக் காரணமான நெருக்கடியே அறையில் ஆட்கள் கூடுவதற்கும், மருந்து குவிவதற்கும் காரணமாகிறது. தீப்பற்றுவதற்குரிய வாய்ப்பு கூடும் அதே வாரங்களில், தீ பரவாமல் தடுக்கும் ஏற்பாடும் தளர்கிறது. இரண்டும் தனித்தனி நிகழ்ச்சிகள் அல்ல. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

ஆயிரம் ஆலைகள்: ஒரு கணக்கு

கணக்கு என்றதும் தமிழ் மாணவர் ஏட்டை மூடிவிடுவது உண்டு. இக்கணக்குக்குக் கூட்டலும் பெருக்கலும் போதும். கீழ்வரும் எண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. எந்த ஆலையிலும் அளந்து பெற்றவை அல்ல.

ஆயிரம் ஆலைகள் உள்ளன என்க. ஒவ்வொன்றிலும் நான்கு காப்புகள் உள்ளன. இவற்றுள் 200 ஆலைகளில் செலவைக் குறைக்கும் பொருட்டுப் பராமரிப்பைக் கைவிட்டுள்ளனர். 800 ஆலைகள் சீராக உள்ளன. கைவிடப்பட்ட ஆலையில் ஒரு காப்பு பழுதாகி இருத்தற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு. சீரான ஆலையில் இருபதில் ஒரு வாய்ப்பு. ஆலையின் நிலை தெரிந்தபின், ஒரு காப்பின் பழுது மற்றதன் பழுதைச் சாராது எனவும் கொள்வோம்.

முதற் காப்பு பழுதான ஆலைகள் எத்தனை? 200இல் பாதி 100, 800இல் இருபதில் ஒன்று 40, ஆக 140. ஆயிரத்தில் 140 என்பது நூற்றுக்கு 14. ஏனைய மூன்று காப்புகளுக்கும் இதே அளவு. இனி, வலை வரையாத பொறியாளர் ஒருவர் நான்கு காப்புகளும் ஒருங்கே பழுதாகும் வாய்ப்பைக் கணக்கிடுகிறார். சாரா நிகழ்ச்சிகளுக்குரிய பெருக்கல் விதிப்படி 14 விழுக்காட்டை நான்குமுறை பெருக்குகிறார். ஏறத்தாழ 2,600 ஆலைகளில் ஒன்று என்று விடை வருகிறது. ஆயிரம் ஆலைகளில் ஒன்றுகூட இல்லை என்று அவர் அமைதி அடைகிறார்.

வலை வரைந்தவர் கணக்கு வேறு. கைவிடப்பட்ட 200 ஆலைகளில் முதற் காப்பு பழுதானவை 100. அவற்றுள் இரண்டாவதும் பழுதானவை 50. மூன்றாவதும் பழுதானவை 25. நான்காவதும் பழுதானவை 12 அல்லது 13. சீரான ஆலைகளிலிருந்து இத்தொகையில் சேர்வது ஏதுமில்லை எனலாம். ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை எனப்பட்ட இடத்தில் பன்னிரண்டு ஆலைகள் எக்காப்புமின்றி நிற்கின்றன. முப்பது மடங்குக்கு மேற்பட்ட இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு காப்பின் பழுதுவீதத்தையும் இருவரும் ஒரே அளவாகத்தான் கொண்டனர். ‘பராமரிப்பைக் கைவிடல்’ என்னும் பொதுக்காரணத்திலிருந்து நான்கு காப்புகளுக்கும் செல்லும் நான்கு அம்புகளை முன்னவர் வரையவில்லை, அவ்வளவே வேறுபாடு.

இதே கணக்கை எச்சத்தின் வழியில் திருப்பிப் பார்க்கலாம். ஆய்வாளர் ஒருவர் ஓர் ஆலைக்குள் நுழைகிறார். அவருக்கு முன்செய்தி ஏதுமில்லை. அது கைவிடப்பட்ட ஆலையாக இருக்க ஐந்தில் ஒரு வாய்ப்பு. ஒரு காப்பு பழுதாகி இருப்பதைக் காண்கிறார். பழுதான 140 ஆலைகளுள் 100 கைவிடப்பட்டவை. ஆகவே அவர்தம் ஐயம் நூற்றுக்கு 20இலிருந்து 71 ஆக உயர்தல் வேண்டும். இரண்டாவது காப்பும் பழுது எனக் கண்டால், அத்தகைய 52 ஆலைகளுள் 50 கைவிடப்பட்டவை, ஐயம் 96. முதற் பழுதைக் கண்டு, ‘இதனைச் சரிசெய்க’ என்று குறிப்பெழுதிவிட்டுத் திரும்பும் ஆய்வாளர், ஒரு பழுதை நீக்கியிருக்கிறார். அப்பழுது சொன்ன செய்தியைக் கேளாது விட்டுவிட்டார்.

பொதுக்காரணம் எப்போதும் நிர்வாகமாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. அமெரிக்க நாட்டில் அலபாமா மாநிலத்துப் பிரௌன்ஸ் பெர்ரி அணுமின் நிலையத்தில் 1975 மார்ச்சு 22ஆம் நாள், கம்பிவடங்கள் சுவரை ஊடுருவும் துளைகளில் காற்றுக் கசிவை அறிய மெழுகுவத்திச் சுடரைக் காட்டினர். துளையை அடைத்திருந்த நுரைப்பொருள் தீப்பற்றிற்று. ஒன்று கெட்டால் மற்றொன்று என்று இரட்டிப்பாக அமைக்கப்பட்டிருந்த காப்பமைப்புகளின் வடங்கள் அங்கே ஒன்றாகச் சென்றமையால் பலவும் ஒருங்கே செயலிழந்தன. அங்கே பொதுக்காரணம் வடங்கள் சென்ற பாதை.

இவ்வகை ஆராய்ச்சிக்கு முன்பு பிழைமரம் என்னும் வரைபடமே பயன்பட்டு வந்தது; 1962இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஏவுகணைப் பணிக்காகத் தோன்றியது அது. 2001இல் இத்தாலி நாட்டு ஆய்வாளர் பாப்பியோவும் உடன்பணியாற்றியோரும், எந்தப் பிழைமரத்தையும் நிகழ்தகவு வலையாக மாற்றலாம் என்றும், மரம் கூறமாட்டாத பலவற்றை வலை கூறும் என்றும் காட்டினர். பின்னர்க் கனடாவின் மெமோரியல் பல்கலைக்கழகத்தில் பைசல் கான் குழுவினர் வேதியாலை விபத்துகளுக்கு இம்முறையை விரிவாகப் பொருத்தினர்.

நெய்வேலி: இரண்டு மாதங்கள்

ஆண்டிமடத்திலிருந்து விருத்தாசலம் வழியே சென்றால் நெய்வேலி தொலைவன்று. அங்குள்ள இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே 7ஆம் நாள் ஆறாவது அலகின் கொதிகலன் பகுதியில் வெடிப்பு நேர்ந்து தொழிலாளர் சிலர் மாண்டனர். இரண்டு மாதம் நிறைவதற்குள், சூலை 1ஆம் நாள், அதே நிலையத்தின் ஐந்தாவது அலகில் மீண்டும் வெடிப்பு. அன்றே அறுவர் மாண்டனர். காயமுற்றோருள் மேலும் பலர் அடுத்த நாள்களில் மறைந்தனர். மாண்டோருள் ஒப்பந்தத் தொழிலாளர் மிகுதி.

காரணம் இன்னதென்று இக்கட்டுரை தீர்ப்புக் கூற முற்படவில்லை. வினா ஒன்றை மட்டும் எழுப்புகிறது. அடுத்தடுத்து நிற்கும் இரு அலகுகள், அவற்றை இயக்குவதும் பராமரிப்பதும் ஒரே நிர்வாகம், நடைமுறையும் ஒன்றே. ஆறாவது அலகு வெடித்த நாளில், ஐந்தாவது அலகு பற்றிய மதிப்பீடு எவ்வளவு உயர்ந்திருத்தல் வேண்டும்? இரண்டும் சாரா நிகழ்ச்சிகள் என்று கருதுவார்க்கு, அது முன்பிருந்த அளவிலேயே இருக்கும். இரண்டுக்கும் அம்பு செலுத்தும் பொதுக்கணு உண்டு என்று கருதுவார்க்கு, மே 7 என்பது ஐந்தாவது அலகைப் பற்றியும் வந்த செய்தி. முன் கண்ட கணக்கில், முதற் காப்பு பழுது எனத் தெரிந்தவுடன் இரண்டாவதும் பழுதாக இருக்கும் வாய்ப்பு 14இலிருந்து 37 ஆக உயர்வதை மாணவர் தாமே கணக்கிட்டுக் கொள்ளலாம், 140இல் 52.

போபால்: நான்கு காப்புகள், ஓர் இரவு

இனி, இக்கருவி தன் முழு ஆற்றலையும் காட்டும் இடத்திற்கு வருவோம். 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபால் நகரின் யூனியன் கார்பைடு ஆலையில் 610ஆம் எண் தொட்டியிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் என்னும் நச்சுப்பொருள் ஆவியாகி வெளியேறிற்று. தொட்டியில் இருந்தது ஏறத்தாழ 40 டன். தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தமையால் வெப்பம் பெருகி நேர்ந்தது இது. உடனடியாக நேர்ந்தவையும் அடுத்து நேர்ந்தவையுமாக 3,787 சாவுகளை மத்தியப் பிரதேச அரசு உறுதிசெய்தது. பின்னாளைய கணக்குகள் இதனினும் உயர்ந்தவை. பாதிக்கப்பட்டோர் ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்டோர்.

அவ்வாலையில் காப்புகள் இல்லாமல் இல்லை. தொட்டியைக் குளிர்நிலையில் வைக்கக் குளிரூட்டும் அமைப்பு இருந்தது. அவ்வாண்டு நடுப்பகுதியிலேயே அது நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வளியைக் காரநீரால் கழுவி நச்சு நீக்கும் கோபுரம் இருந்தது. அது பயன்பாட்டில் வைக்கப்படவில்லை. இயங்கியிருந்தாலும் அத்துணைப் பெருக்கைத் தாங்கியிராது. எஞ்சிய வளியை எரித்தழிக்கும் கோபுரம் இருந்தது. அதற்குச் செல்லும் குழாயின் ஒரு பகுதி பழுதுபார்ப்பதற்காகக் கழற்றப்பட்டிருந்தது. நீர்த்தாரை பாய்ச்சி வளியை அடக்கும் ஏற்பாடு இருந்தது. வளி வெளியேறிய உயரத்தை அத்தாரை எட்டவில்லை. நான்கு காப்புகளும் ஒரே இரவில் இல்லையாயின. ‘எத்துணைக் கெட்ட வாய்ப்பு!’ என்று வியப்பது பெருக்கல் விதியை மட்டும் கற்றவர் வியப்பு.

பொதுக்கணுவைத் தேடுவார்க்கு அது மறைந்திருக்கவில்லை. ஆலை தயாரித்த பூச்சிக்கொல்லிக்கு எதிர்பார்த்த விற்பனை இல்லை, ஆலை திறனுக்குக் குறைவாகவே இயங்கி இழப்பில் இருந்தது, செலவுகள் குறைக்கப்பட்டன. நச்சுப்பொருள் பிரிவின் பணிக்குழு பன்னிருவரிலிருந்து அறுவராகக் குறைக்கப்பட்டது. முன்னறிகுறிகளும் இருந்தன. 1981 டிசம்பரில் போஸ்ஜீன் வளி தாக்கித் தொழிலாளி ஒருவர் மாண்டார். 1982இல் தாய் நிறுவனத்திலிருந்து வந்த ஆய்வுக்குழு குறைகள் பலவற்றைச் சுட்டிற்று. போபால் இதழாளர் இராஜ்குமார் கேஸ்வானி அவ்வாண்டு முதலே தம் சிற்றிதழில் எச்சரித்து எழுதினார். ஒவ்வோர் அறிகுறியும் பொதுக்கணுவின் மேலுள்ள ஐயத்தை 20இலிருந்து 71க்கும், 71இலிருந்து 96க்கும் உயர்த்தியிருக்க வேண்டியது. ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பில் தனித்தனிச் செய்தியாகக் கிடந்தது.

தண்ணீர் எவ்வாறு தொட்டிக்குள் புகுந்தது? இதில்தான் நெடுங்காலப் பூசல். குழாய்களைக் கழுவும்போது தடுப்புத் தகடு செருகப்படாமையால் நீர் பின்னோக்கிச் சென்று தொட்டியைச் சேர்ந்தது என்பது தொழிலாளர் தரப்பு. மனக்குறை கொண்ட தொழிலாளி ஒருவர் வேண்டுமென்றே நீர்க்குழாயைத் தொட்டியில் இணைத்தார் என்பது நிறுவனத் தரப்பு; நிறுவனம் அமர்த்திய ஆலோசகர்களின் ஆய்வுரை ஒன்று 1988இல் இதனை வலியுறுத்திற்று. இவ்விரண்டுள் எது உண்மை என்னும் வினாவே விபத்தின் முழு வினாவாக ஆக்கப்பட்டுவிட்டது.

முந்திரிக் கொட்டகையில் கற்ற இரு பண்புகளையும் இங்கே பொருத்துக. ‘நீர் புகுதல்’ என்னும் கணுவுக்குள் இரண்டு அம்புகள் நுழைகின்றன: ஒன்று கழுவுகைப் பிழை, மற்றது சதி. சதி நிறுவப்படுமாயின், விளக்கி விலக்கல் என்னும் பண்பால் கழுவுகைப் பிழையின் மேலுள்ள ஐயம் தணியும். இம்மட்டில் நிறுவனத்தின் வாதம் அளவைக்கு ஏற்றதே. ஆனால் குளிரூட்டி, கழுவும் கோபுரம், எரிக்கும் கோபுரம், நீர்த்தாரை ஆகிய நான்கு கணுக்களுள் எதற்கும் ‘சதி’ என்னும் கணுவிலிருந்து அம்பு செல்லவில்லை. அவற்றுக்கு அம்பு வருவது வேறொரு கணுவிலிருந்து. நீர் புகுந்தது என்பது அறியப்பட்ட உண்மை. எனவே வழியடைப்பு நேர்ந்துவிட்டது. நீரை உட்செலுத்தியவர் யார் என்பது நூற்றுக்கு நூறு உறுதியானாலும், காப்புகள் ஏன் இல்லை என்னும் வினாவின் விடை ஓர் இம்மியும் மாறாது. சதிக் கூற்று உண்மையா பொய்யா என்று வாதிடவே வேண்டுவதில்லை. உண்மை என்றே ஒப்புக்கொண்டாலும், அது நிறுவனத்தை விடுவிக்கும் ஏதுவாகாது. அறவண அடிகள் கேட்டிருப்பின் ஏதுப்போலி வரிசையில் இதற்கோர் இடம் தந்திருப்பார்.

நீதிமன்றத்தில் நிகழ்ந்தது வேறு. 1989இல் 47 கோடி டாலருக்கு உடன்பாடு எட்டப்பட்டது. இந்திய அதிகாரிகள் மீது சாட்டப்பட்ட கடுமையான பிரிவை 1996இல் உச்ச நீதிமன்றம், அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-அ பிரிவாகக் குறைத்தது. கவனக்குறைவால் சாவு விளைவித்தல் என்பது அப்பிரிவு. சாலையில் வண்டி மோதி ஒருவர் இறப்பதற்கும் அன்று அதுவே பிரிவு. 2010 சூன் 7ஆம் நாள் வந்த தீர்ப்பில் அதற்குரிய உச்ச அளவாகிய இரண்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. நாளிதழ்ச் சொல்லாக நாம் தொடக்கத்தில் கண்ட ‘கவனக்குறைவு’, இங்கே சட்டச் சொல்லாக வந்து நிற்கிறது. குளிரூட்டியை நிறுத்துவது கவனம் குறைந்தமையால் நிகழ்வதன்று. கணக்குப் பார்த்து, கையெழுத்திட்டுச் செய்வது.

எண்கள் எங்கிருந்து வரும்?

இம்முறைக்கு எதிராக எழும் வலிய தடை ஒன்றுண்டு. அம்புகளை வரைந்துவிடலாம், பட்டியலை நிரப்பும் எண்களை எங்கே பெறுவது? பெருவிபத்துகள் அரியவை, அவற்றை எண்ணி வீதம் காண இயலாது. அயல்நாட்டு எண்ணெய் ஆலைகளின் பழுதுவீதத்தை எடுத்துத் திருமானூர்க் கொட்டகைக்குப் பொருத்தினால் விடை துல்லியமாகத் தோன்றும், உண்மையாக இராது. பெரிய ஆலைகள் பல, வல்லுநரைக் கேட்டு மதிப்பிடுகின்றன. கேட்கப்படும் வல்லுநர் பெரும்பாலும் மேலாளர்.

பெருவிபத்து அரிதே ஆயினும், விபத்தாகாமல் தப்பிய நிகழ்ச்சிகள் நாள்தோறும் உள்ளன. மருந்து ஒருகணம் பற்றி அணைந்தது. குழாயில் நீராவி கசிந்தது. கழன்ற மூடியைத் துணியால் கட்டி வேலையைத் தொடர்ந்தனர். பட்டியலை நிரப்பத் தக்க எண்கள் இவையே. இவற்றை அறிந்தவர் அங்கு வேலைசெய்வோர் மட்டுமே. நிரந்தரப் பணியாளர் ஒருவேளை வாய்திறப்பார். நாளை வேலை உண்டா என்று அறியாத ஒப்பந்தத் தொழிலாளி, நேற்றுக் கசிந்தது என்று எவரிடம் கூறுவார்? கூறினால் கசிவு நிற்பதற்கு முன் அவர் வேலை நின்றுவிடக்கூடும். ஆகவே ஏட்டில் கசிவுகள் குறைவாகவே பதியும். குறைவாகப் பதிந்தமையால் வலை குறைந்த இடரையே காட்டும். குறைந்த இடர் காட்டப்பட்டமையால் பராமரிப்புச் செலவு மேலும் குறையும். வரைபவர் நேர்மையாளராயின், ‘ஒப்பந்த வேலை’ என்னும் கணுவிலிருந்து விபத்துக்கு ஓர் அம்பும், ‘பதிவேடு’ என்னும் கணுவுக்கு மற்றோர் அம்பும் வரைதல் வேண்டும். இரண்டாவது அம்பு பாடநூல் எடுத்துக்காட்டுகளில் எளிதில் காணக்கிடைப்பதன்று. முந்திரி உடைக்கும் அன்னையின் கையையும், கொதிகலனருகே நின்று வந்த தந்தையின் சட்டையையும் கண்டு வளர்ந்த நம் மாணவர்க்கு அதனை வரைதல் அரிதாகாது.